விலங்குருவம் பூணும் மாந்தர்

2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கனடா நாட்டின் மேற்குக் கரையில் வான்கூவர் நகரை அடுத்த ரிச்மண்டில், தங்கும் விடுதி ஒன்று நிரம்பியிருந்தது. சிரியா நாட்டுப் போருக்குத் தப்பி வந்த குடும்பங்கள், நிலையான வீடு கிடைக்கும் வரையில் அவ்விடுதியில் தங்க வைக்கப்பட்டிருந்தன. அதே விடுதியை அந்த வார இறுதிக்கு மாநாட்டுக்காரர் ஒரு கூட்டத்தினரும் முன்னமே பேசி வைத்திருந்தனர். மாநாட்டினர் வந்து இறங்கினர். சிரியாக் குழந்தைகள் தாழ்வாரத்திலே கண்டது என்ன? ஆள் உயர நரிகள், ஓநாய்கள், வண்ண வண்ணப் பூனைகள். அவை இரண்டு கால்களில் நடந்தன. கையசைத்தன. வாய் திறந்து பேசவில்லை.

மாநாட்டை நடத்தியோர் முதலில் அஞ்சவே செய்தனர். குண்டுச் சத்தத்திலே வளர்ந்த குழந்தைகள் இத்தோற்றத்தைக் கண்டு மிரண்டால் என் செய்வது? ஆகவே, வந்திருப்போர்க்கு இவ்வழக்கம் பழக்கமற்றது, அவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், அச்சமின்றி இருக்க வேண்டும், அதை மனத்திற் கொண்டு நடந்துகொள்ளுங்கள் எனத் தம்மவர்க்கு எழுத்து மூலம் அறிவித்தனர். நடந்ததோ வேறு. குழந்தைகள் தாமே ஓடிச் சென்று அவ்விலங்குகளைக் கட்டிக்கொண்டனர், அவற்றோடு ஆடினர், படம் எடுத்துக்கொண்டனர். அப்படங்கள் சில நாட்களில் உலகெங்கும் பரவின.

அக்குழந்தைகளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பெரியவர்களுக்குத்தான் தேவைப்படுகிறது. இவர்கள் யார்? வளர்ந்த மனிதர் ஏன் நரி வேடம் போடுகிறார்? பித்தோ, பக்தியோ, விளையாட்டோ? நாற்பது ஆண்டுகளாக வெளியார் இக்கேள்விகளைக் கேட்டு வருகின்றனர். அவர்கள் தாமே கற்பித்துக்கொண்ட விடைகளில் பல பிழையானவை. சில, தீங்கு விளைத்தவையும் கூட.

இக்கூட்டத்தார் தம்மை 'ஃபர்ரி' என்று அழைத்துக்கொள்கின்றனர். 'ஃபர்' என்பது விலங்கின் மென்மயிர். 'ஃபர்ரி' என்றால் மயிர் நிறைந்தது எனப் பொருள்படும். மனிதரைப் போலப் பேசி, சிந்தித்து, உடுத்து வாழும் விலங்குகளைக் கற்பனை செய்து, அக்கற்பனையில் ஈடுபாடு கொள்வோரே ஃபர்ரிகள். பேசும் விலங்கு நமக்குப் புதிதன்று. பஞ்சதந்திரக் கதைகளில் வரும் கரடகனும் தமனகனும் நரிகளே. ஈசாப்பின் காகமும் நரியும் பள்ளிச் சிறுவர் அனைவரும் அறிந்தவை. ஆனால் அக்கதைகளில் விலங்கு நீதி சொல்ல வருகிறது, சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. ஃபர்ரிகளுக்கோ அவ்விலங்கே வேண்டியது. அதன் நீதி அன்று.

ஒவ்வொரு ஃபர்ரியும் தனக்கென ஒரு விலங்குருவை அமைத்துக்கொள்கிறான். அதற்குப் பெயர் 'ஃபர்சோனா'. அதற்கென்று நிறம், பெயர், குணம், நடை எல்லாம் உண்டு. கூச்சமுள்ளவன் துணிச்சலான ஓநாயைப் படைக்கிறான். முரடன் என்று பெயரெடுத்தவன் சாதுவான முயலைப் படைக்கலாம். ஓநாய், நரி, நாய், பெரும்பூனை, பறவைநாகம் என ஐரோப்பியக் கதைகளில் வரும் டிராகன் ஆகியவை மிகுதியாக விரும்பப்படுகின்றன. இரண்டு விலங்குகளைக் கலந்து மூன்றாவது ஒன்றை ஆக்குவோரும் பலர். வியப்பு யாதெனில், மனிதனுக்கு மிக நெருங்கிய உறவான குரங்கைத் தேர்ந்தெடுப்போர் மிக அரியர்!

இவ்வழக்கம் தோன்றிய இடம் அமெரிக்க நாடு. அறிபுனைக் கதைகளையும் படக்கதைகளையும் விரும்புவோர் அங்கே ஆண்டுதோறும் மாநாடு கூட்டுவது வழக்கம். 1980ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் நடந்த உலக அறிபுனை மாநாட்டின் ஓவியக் கண்காட்சியில் ஸ்டீவ் கல்லாச்சி என்னும் ஓவியர் ஒரு படத்தை வைத்தார். போர்ச் சீருடை அணிந்த பூனைப் பெண் ஒருத்தியின் படம் அது. நகைச்சுவைக்காக வரைந்ததன்று, முகத்திலே வீரமும் சோர்வும் தெரிய, முழு மனிதப் பாத்திரமாகவே தீட்டியிருந்தார். அதைச் சுற்றி நின்று பேசிய சிலர் பின்னர் மாநாடுதோறும் கூடிப் பேசலாயினர். கல்லாச்சி வெளியிட்ட 'அல்பீடோ' என்னும் படக்கதை இதழ் இதிலிருந்து பிறந்தது. 1984இல் அதன் இரண்டாம் இதழில்தான் ஸ்டான் சக்காயின் முயல் வீரன் உசாகி முதன்முதல் தோன்றினான். இன்றளவும் அவன் கதை தொடர்கிறது. 1973இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'ராபின் ஹூட்' படத்தில் நாயகன் நரியாக வருகிறான். சிறுவயதில் அதைப் பார்த்து மயங்கியவர்களும் இக்கூட்டத்தில் இருந்தனர்.

1986இல் சான் டியேகோவில் கூடிய மாநாட்டில் மார்க் மெர்லினோ, ராட் ஓரைலி என்னும் இருவர் விடுதி அறை ஒன்றில் 'ஃபர்ரி விருந்து' என அறிவித்து நண்பர்களை அழைத்தனர். அறை போதவில்லை. 1989 சனவரியில் கலிபோர்னியாவின் கோஸ்டா மெசாவில் தனி மாநாடே கூட்டினர். அதற்கு வந்தோர் சுமார் 65 பேர். 1990இல் 'ஃபர்ரிமக்' என்னும் கணினி விளையாட்டு தொடங்கப்பட்டது. அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். 'அவன் சாம்பல் நிற ஓநாய், இடச் செவியில் ஒரு கிழிசல்' என்று எழுதினால் போதும், அவன் ஓநாயாகிவிடுவான். ஆக, துணியில் ஆடை தைக்கும் பழக்கம் பெருகுமுன் பலர் சொல்லாலேயே ஆடை தைத்துக்கொண்டனர் எனலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். வெளியார் கண்ணுக்கு ஃபர்ரி என்றாலே மயிராடைதான். உண்மையில் ஃபர்ரிகளில் பெரும்பாலோரிடம் முழு ஆடை இல்லை. வரைவோர், எழுதுவோர், படிப்போர், சும்மா வந்து நண்பரோடு பேசிச் செல்வோர் ஆகியோரே மிகுதி. வால் ஒன்றை மட்டும் இடுப்பு வாரில் கட்டிக்கொண்டு திரிவோரும் உண்டு. எனினும் ஆடையின் செய்திறனை அறியாமல் இவ்வழக்கத்தை அறிந்துகொள்வது அரிது. அதைச் சற்று விரிவாகவே காணலாம்.

முழு மயிராடையில் தலை, உடல், கையுறை, பாதம், வால் என ஐந்து உறுப்புகள் உண்டு. இவற்றில் தலையே முதன்மை. தலைக்கு அடிப்படை பெரும்பாலும் மெத்தை நாற்காலிக்குள் வைக்கும் நுரைப்பஞ்சு. அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, பின் கத்தரிக்கோலால் செதுக்கி, கன்னம், மூக்கு, நெற்றி எனக் குயவன் மண்ணைப் பிடிப்பதுபோல உருவாக்குவர். அண்மைக் காலத்தில் பிசினில் வார்த்த கூடுகளும், முப்பரிமாண அச்சுப் பொறியில் எடுத்த கூடுகளும் வந்துவிட்டன. சில தலைகளில், அணிந்தவர் தாடையை அசைத்தால் விலங்கின் தாடையும் அசையும்.

கண் அமைப்பதில் நுட்பம் மிகுதி. விலங்கின் கண் பெரியது. மனிதன் அதன் வழியாகவே பார்த்தாக வேண்டும். ஆனால் வெளியிலிருப்பவர்க்கு உள்ளேயிருக்கும் மனிதக் கண் தெரியலாகாது. ஆகவே சட்டைக் காலருக்குள் வைக்கும் பக்ரம் துணி போன்ற வலைத்துணியில் கருவிழியை வரைந்து பொருத்துகின்றனர். வெளியிலிருந்து நோக்கினால் அது கண். உள்ளிருந்து நோக்கினால் அது திரை. மற்றொரு தந்திரமும் உண்டு. கருவிழியை முன்னே ஒட்டாமல் குழிவான கிண்ணத்தின் உட்புறத்தில் அமைத்துவிட்டால், பார்ப்பவர் வலப்புறம் நகர்ந்தாலும் இடப்புறம் நகர்ந்தாலும் அக்கண் அவரையே தொடர்ந்து நோக்குவதுபோலத் தோன்றும். கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு குழந்தையும் 'நரி என்னையே பார்க்கிறது' என்று நினைப்பது இதனாலேதான்.

உடலுக்கு அளவெடுக்கும் முறை தையற்காரர் கேட்டால் சிரிப்பர். ஆடை செய்பவர் ஒரு நாட்டில் இருப்பார். அணிபவர் மற்றொரு நாட்டில் இருப்பார். அணிபவர் தம் பழைய உடையை அணிந்து நிற்க, நண்பர் ஒருவர் அவரைக் கழுத்து முதல் கணுக்கால் வரை அகலமான ஒட்டு நாடாவால் இறுகச் சுற்றுகிறார். பின்னர் முதுகுப் புறத்தில் வெட்டிக் கழற்றினால், பாம்புச் சட்டைபோல் அவர் உடம்பின் அச்சு அப்படியே வந்துவிடும். அதன்மேல் எங்கே எந்த நிறம், மயிர் எந்தப் பக்கம் படிய வேண்டும் என்று கோடிட்டு அஞ்சலில் அனுப்புவர். செய்பவர் அதில் பஞ்சைத் திணித்து நிறுத்திவைத்தோ, துண்டுகளாக வெட்டித் துணி மாதிரி எடுத்தோ தைக்கத் தொடங்குவார்.

துணி செயற்கை மயிர்த் துணி. இதைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டினால் மயிரும் சேர்ந்து வெட்டுப்பட்டு, தையல் ஓடும் இடமெல்லாம் மொட்டை வரிசை தெரியும். ஆகவே பின்புறத்திலிருந்து கூரிய அலகால் அடித்துணியை மட்டும் கீறிப் பிரிக்க வேண்டும். மயிர் படியும் திசையும் தவறக் கூடாது. முதுகில் மயிர் மேல்நோக்கிப் படிந்தால் பூனை, குளத்தில் விழுந்து எழுந்ததுபோல் இருக்கும். தைத்து முடித்தபின் தையலுக்குள் சிக்கிய மயிரை ஊசியாலும் தூரிகையாலும் இழுத்து வெளியே விட்டால் தையல் மறைந்துவிடும். பின், நாய்களுக்கு மயிர் கத்தரிக்கும் மின்பொறியைக் கொண்டு முகத்தில் குட்டையாகவும் கன்னத்திலும் கழுத்திலும் நீளமாகவும் சீவுவர். அதுவரை பொம்மையாக இருந்தது அப்போதுதான் முகமாகிறது. பள்ளிக் கைத்தொழிற் பாடத்தில் இவ்வளவு வடிவியலும் பொறுமையும் கைத்திறனும் ஒன்றுகூடும் பயிற்சி கிடைப்பது அரிது.

காலைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். நாயின் பின்னங்கால் பின்னோக்கி மடிந்திருப்பதைக் கண்டு, அதன் முழங்கால் திரும்பியிருக்கிறது என்று பலர் எண்ணுவதுண்டு. அது முழங்கால் அன்று; குதிகால். நாயும் பூனையும் நரியும் விரல்களை மட்டும் ஊன்றி நடப்பவை. அவற்றின் குதிகால் தரையில் படாமல் உயரத்தில் நிற்கிறது. மனிதனோ பாதம் முழுவதையும் ஊன்றுபவன். மனிதக் காலை நாய்க் காலாக்க எலும்பை மாற்ற முடியுமா? முடியாது. எனவே தொடையின் முன்புறத்திலும் கெண்டைக்காலின் பின்புறத்திலும் பஞ்சுத் திண்டுகளை வைத்துத் தைக்கின்றனர். கால் நேராக இருக்கும்போதே மடிந்த கால்போன்ற கோடு கண்ணுக்குத் தோன்றிவிடுகிறது. உடற்கூறு அறியாதவன் இதைச் செய்ய இயலாது.

நாட்டுக்கு நாடு பாணியும் வேறுபடுகிறது. அமெரிக்கப் பாணியில் நீண்ட மூக்கும் சிரிக்கும் வாயும் மிகுதி. சப்பானியப் பாணியை 'கெமோனோ' என்பர். மிகப் பெரிய கண், குறுகிய மூக்கு, சிறிய வாய் என ஒரு குழந்தைத் தன்மை அதில் மேலோங்கும். சப்பான் நாட்டு ஃபர்ரிகள் டொயோஹாஷி நகரில் பெரிய மாநாடே நடத்துகின்றனர். உண்மை விலங்கைப் போலவே கண்ணாடி விழியும் நரம்புத் தடமும் வைத்துச் செய்வோர் எங்கும் உளர்; அவர்கள் சிறுபான்மையினர். விலையைக் கேட்டால் மலைப்பு உண்டாகும். முழு ஆடை ஒன்று சில ஆயிரம் அமெரிக்க வெள்ளி ஆகும். பெயர் பெற்ற கைவினைஞரிடம் பத்தாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. செய்து முடிக்கப் பல மாதங்கள் ஆவதால் காத்திருப்போர் பட்டியலும் நீளம். இளைஞர் ஒருவர் தம் ஓராண்டுச் சேமிப்பையெல்லாம் வாலும் செவியுமாக மாற்றிக்கொள்வது அறிவுடைமையா என்று கேட்பவர் கேட்கலாம். பழைய மோட்டார் சைக்கிளுக்கும் பந்தாட்டக் குழுவின் நுழைவுச் சீட்டுக்கும் அதே தொகையைக் கொட்டுபவரை நோக்கி அக்கேள்வி எழுவதில்லை.

ஆடைக்குள் வெப்பம் கடுமையானது. நம் நாட்டிலே சீனப் புத்தாண்டின்போது சிங்க நடனம் ஆடும் இளைஞர்கள் தலையைக் கழற்றியவுடன் வியர்வை ஆறாக ஓடுவதைக் கண்டிருப்போம். மயிராடைக்குள் கை, கால், உடல் அனைத்துமே மூடிக்கிடப்பதால் புழுக்கம் இன்னும் மிகுதி. சிலர் கணினிக்குள் வைக்கும் சிறு மின்விசிறியைத் தலைக்கூட்டினுள் பொருத்துகின்றனர். சிலர் பனிக்கட்டிப் பை வைத்த உட்சட்டை அணிகின்றனர். மாநாடுகளில் இவர்களுக்கென்றே ஓர் அறை ஒதுக்கப்படும். அதற்குப் பெயர் 'தலையிலார் அறை'. அங்கே பெரிய விசிறிகளும் குடிநீரும் இருக்கும். தலையைக் கழற்றி வைத்துவிட்டு மனிதராக மூச்சு விட்டுத் திரும்புவர். பிறர்க்கு அங்கே அனுமதி இல்லை. படம் எடுக்கவும் தடை. வெளியே குழந்தைகள் காணத் தலையைக் கழற்றுவது அவர்களிடையே பெருந்தவறாகக் கருதப்படுகிறது. பார்வை குறுகுவதால் படியிறங்க அஞ்ச வேண்டும். ஆகவே நண்பர் ஒருவர் கையைப் பிடித்து உடன் செல்வது வழக்கம். ஆடை அணிந்தோரில் பலர் பேசுவதே இல்லை. தலையைச் சாய்த்தும் தோளைக் குலுக்கியும் கையை விரித்தும் உணர்த்துகின்றனர். முகத் தசை அசையாத ஒரு முகமூடிக்குள் இருந்து மகிழ்ச்சியையும் வெட்கத்தையும் காட்டுவது எளிதன்று. கூத்துக் கலைஞர்கள் அதன் அருமையை அறிவர்.

விளம்பரத்துக்காக வேடம் அணிபவர்க்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? விளையாட்டுக் குழுவின் சின்னமான கரடியை இன்று ஒருவர் அணிவார், நாளை மற்றொருவர் அணிவார். கரடி குழுவுக்குச் சொந்தம். ஃபர்ரியின் நரி அவனுக்கே உரியது. வேறொருவர் அணிந்தால் அது அந்த நரி அன்று. திரைப்படப் பாத்திரத்தின் உடையணிந்து மகிழ்வோரும் வேறு வகையினர். அவர்கள் பிறர் படைத்ததை அணிகின்றனர்.

இனி, வெளியார் இவர்களை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதைப் பார்ப்போம். 2001 மார்ச்சில் 'வேனிட்டி ஃபேர்' என்னும் புகழ் பெற்ற அமெரிக்க மாத இதழ் இவர்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. 2003 அக்டோபரில் குற்றப் புலனாய்வுத் தொலைக்காட்சித் தொடரொன்று இவர்களை வைத்து ஒரு கதை ஒளிபரப்பியது. இரண்டும் மயிராடையைக் காம விளையாட்டின் கருவியாகவே காட்டின. அத்தகையோர் எவருமே இல்லையா என்றால், உண்டு என்பதே நேர்மையான விடை. வயது வந்தோர்க்கான ஓவியங்களும் இவ்வட்டாரத்தில் உள்ளன; மாநாடுகளில் அவை சிறுவர் கண்ணில் படாமல் தனியே வைக்கப்படுகின்றன. ஆனால் ஒரு மூலையைக் காட்டி அதுவே வீடு என்றால் அது பொய்யே. அந்தப் பொய்தான் இலட்சக்கணக்கான வீடுகளுக்குச் சென்றது. அதன்பின் மாநாட்டினர் செய்தியாளர்மேல் ஐயுறலாயினர். நிருபர்களைக் கட்டுப்பாடின்றி உலவவிட அஞ்சினர். கதவு சாத்தப்பட்டதைக் கண்டவர்கள் உள்ளே ஏதோ மறைக்கின்றனர் என்றனர். ஐயம் ஐயத்தை வளர்த்தது.

2014 டிசம்பர் 7ஆம் நாள் விடியற்காலையில், சிகாகோவை அடுத்த ரோஸ்மாண்ட்டில் மாநாடு நடந்த விடுதியின் படிக்கட்டில் குளோரின் நச்சுவாயு பரவியது. ஆயிரக்கணக்கானோர் குளிரில் வெளியேற்றப்பட்டனர். 19 பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். வேண்டுமென்றே செய்யப்பட்ட செயல் அது என்று அதிகாரிகள் கருதினர். இதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. மறுநாள் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் இச்செய்தியைச் சொல்லத் தொடங்கியவர், வந்தவர்கள் விலங்கு வேடமணிந்தோர் என்று அறிந்ததும் சிரிப்பை அடக்க மாட்டாமல் இருக்கையை விட்டே எழுந்து போய்விட்டார். மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனவர்கள் பத்தொன்பது மனிதர்கள் என்பது அச்சிரிப்பில் மறைந்து போயிற்று.

அறிஞர்களும் தவறினர், ஆனால் அவர்கள் திருத்திக்கொள்ளவும் வழி இருந்தது. நியூயார்க் மாநிலத்து நயாகரா வட்டாரக் கல்லூரியின் உளவியலாளர் கேத்லீன் கெர்பாசி, 2006இல் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த 'ஆந்த்ரோகான்' மாநாட்டுக்கு வினாத்தாள்களோடு நேரே சென்றார். தொலைக்காட்சி சொன்னது மெய்யா என்று அவர்களையே கேட்டு அறிவதே நோக்கம். 2008இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, பரவலாக நம்பப்பட்ட பல கருத்துகளுக்கு ஆதாரம் இல்லை என்று காட்டியது. கூடவே, 'நான் முழு மனிதன் அல்லேன். முடிந்தால் விலங்காகவே மாறிவிடுவேன்' என்ற பொருள்பட விடையளித்த சுமார் கால்வாசிப் பேரைப் பற்றி, 'உயிரின அடையாளக் கோளாறு' என்று ஒன்று இருக்கக் கூடுமோ என்ற கருத்தையும் முன்வைத்தது. 2011இல் ஃபியோனா புரோபின்-ராப்சி என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் அதே ஆய்விதழில் இதைக் கண்டித்து எழுதினார். புரியாத ஒன்றைக் கண்டவுடன் நோய்ப் பெயர் சூட்டுவது எவ்வாறு பொருந்தும் என்பது அவர் கேள்வி. கெர்பாசி குழுவினர் மறுமொழி எழுதினர். தாம் சொன்னது ஐயப்பாடேயன்றி முடிவன்று என்றனர். அவ்விவாதம் பயனின்றிப் போகவில்லை. தம்மை உள்ளத்தால் விலங்கென உணரும் சிறுபான்மையினரையும், விலங்குருவை ஒரு புனைவாக விரும்பும் பெரும்பான்மையினரையும் வேறு பிரித்துக் காணும் தெளிவு பின்னைய ஆய்வுகளில் வந்துவிட்டது.

பின்னர் கெர்பாசியோடு கோர்ட்னி பிளாண்டி, ஸ்டீபன் ரெய்சன், ஷாரன் ராபர்ட்ஸ் ஆகிய உளவியல், சமூகவியல் அறிஞர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஃபர்ரிகளை வினவி வருகின்றனர். அவர்கள் கண்டவை சிலவற்றைக் கூறலாம். ஃபர்ரிகளில் பெரும்பாலோர் பதின் பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் உள்ளவர், ஆண்கள் மிகுதி, கணினி, அறிவியல் துறைகளில் இருப்போர் பலர். தன்பால் விருப்பினரும் இருபால் விருப்பினரும் பொது மக்களிடையே காண்பதைவிடப் பன்மடங்கு. ஏன் வருகிறீர்கள் என்று கேட்டால், பொழுதுபோக்கு என்பர். அதற்கும் மேலாக, 'இங்கே எனக்கு ஓரிடம் இருக்கிறது' என்பர்.

ஆசிரியர் எவரும் நின்று கவனிக்க வேண்டிய எண் ஒன்று இவ்வாய்வில் இருக்கிறது. பள்ளிப் பருவத்தில், பதினொன்று முதல் பதினெட்டு வயதுக்குள், பிறரால் கேலிக்கும் கொடுமைக்கும் ஆளானதாகச் சொன்ன ஃபர்ரிகள் ஏறத்தாழ பத்தில் ஆறு பேர். மற்றவரிடையே அது நாலு பேருக்கும் குறைவு. வகுப்பின் கடைசி வரிசையில் யாரோடும் சேராமல் குறிப்பேட்டின் ஓரத்தில் நரி வரைந்துகொண்டிருந்த பிள்ளை எல்லாப் பள்ளியிலும் உண்டு. அவன் பின்னாளில் எங்கே போனான் என்று யாரும் கேட்பதில்லை. அவர்களில் சிலர் இங்கே வந்து சேர்ந்தனர்.

பிட்ஸ்பர்க் நகரத்தார் நடந்துகொண்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். ஆந்த்ரோகான் மாநாடு 2006 முதல் அங்கேயே நடக்கிறது. முதலில் முறைத்துப் பார்த்த கடைக்காரர்கள், வந்தவர்கள் மரியாதையாக உண்டு, பணம் கொடுத்து, நன்றி சொல்லிப் போவதைக் கண்டனர். சில ஆண்டுகளில் உணவு விடுதிகளின் கண்ணாடிகளில் விலங்கின் பாத அடையாளங்கள் தோன்றின. ஊர்வல நாளில் குடும்பம் குடும்பமாக மக்கள் தெருவோரம் வந்து நிற்கின்றனர். 2023இல் மாநாட்டுக்கு வந்தோர் 13,000க்கு மேல். ஆண்டுதோறும் விலங்கு நல அமைப்பு ஒன்றுக்கு நிதி திரட்டித் தரும் வழக்கமும் உண்டு. ஆய்வுரை படித்தா பிட்ஸ்பர்க் மக்கள் இவர்களை அறிந்தனர்? சோறு பரிமாறித்தான் அறிந்தனர்.

ஆனால் எல்லா ஊரும் பிட்ஸ்பர்க் ஆகவில்லை. 2021 டிசம்பரில் மிச்சிகன் மாநிலத்து மிட்லண்டு நகரப் பள்ளி வாரியக் கூட்டத்தில் ஒரு பெற்றோர் எழுந்து, தம்மைப் பூனை என்று கருதும் மாணவர்க்காகப் பள்ளிக் கழிவறையில் பூனை மணல் தட்டு வைக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று முறையிட்டார். பூனை வளர்ப்போர் வீட்டில் அது மலங்கழிக்க மணல் போன்ற பொருளைத் தட்டில் இட்டு வைப்பதுண்டு. அதைத்தான் அவர் குறிப்பிட்டார். பேச்சின் ஒளிப்படம் பரவியது. 2022 சனவரியில் அவ்வட்டாரக் கல்வி மேலாளர், எப்பள்ளியிலும் அப்படி ஒரு தட்டு ஒருபோதும் இருந்ததில்லை என்று எழுத்திலேயே மறுத்தார். மறுப்பு நடந்து போயிற்று. வதந்தியோ பறந்து போயிற்று. மார்ச்சுத் திங்களில் நெப்ராஸ்கா சட்டமன்றத்திலேயே உறுப்பினர் ஒருவர் இதை உண்மைபோல் பேசி, அன்றே பொய்யென அறிந்து மன்னிப்புக் கேட்டார். ஆண்டு முடிவதற்குள் அரசியல்வாதிகள் இருபது பேருக்குக் குறையாமல் வெவ்வேறு ஊர்களின் பெயரால் இதையே சொல்லினர் என்று என்.பி.சி. செய்தி நிறுவனம் கணக்கிட்டது. ஓரிடத்திலும் தட்டு அகப்படவில்லை. மயிராடைக்கும் பள்ளிச் சீருடைக்கும் தொடர்பே இல்லாத இடத்தில், செவி வைத்த தலைப்பட்டை அணிந்து வந்த சிறுமிகூட ஐயத்துக்குள்ளாக நேர்ந்தது.

இவ்வாறு எழுந்த புகையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நெருப்பு இருந்தது. கொலராடோ மாநிலத்து ஜெஃபர்சன் வட்டாரப் பள்ளி வகுப்பறைகளில் பூனை மணல் உண்மையாகவே வைக்கப்பட்டிருந்தது. 2017 முதலே வைக்கப்பட்டு வந்தது. கொலம்பைன் உயர்நிலைப் பள்ளி அமைந்திருப்பதும் அவ்வட்டாரத்தில்தான். 1999 ஏப்ரல் 20ஆம் நாள் அங்கே துப்பாக்கி ஏந்தி வந்த இரு மாணவர்கள் 12 மாணவரையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றனர். அதனால் அவ்வட்டார வகுப்பறைகளில் வாளி ஒன்று ஆயத்தமாக இருக்கும். அதனுள் கைவிளக்கு, முதலுதவிப் பொருள், பள்ளியின் வரைபடம், நீரிழிவுள்ள பிள்ளைக்கு மிட்டாய், சிறிது பூனை மணல் ஆகியவை இருக்கும். சுடுபவன் வெளியே நடமாடும்போது கதவைத் தாழிட்டு விளக்கணைத்து மணிக்கணக்காகப் பிள்ளைகள் ஒடுங்கிக் கிடக்க நேர்ந்தால், அவர்கள் சிறுநீர் கழிப்பதற்காக வைக்கப்பட்ட மணல் அது.